அன்ரி தேடிய மாவட்டம்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். எனக்குத் தெரிந்து, வாரம் ஒருமுறை தன் பெயரைத் தானே இணையத்தில் தேடிப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். சனிக்கிழமை காலை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து உட்கார்ந்துவிடுவார். ஆராவது தன்னைப் பற்றி என்னத்தையாவது எழுதி வைத்திருந்தால் தெரிய வேணுமெல்லே என்பார். ஒருவரும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தமும் உண்டு.

ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் எல்லிங்ஸ்ருட் என்று ஓர் இடம். மெட்ரோ ரயில் அதற்குமேல் போக வழியில்லாமல் காட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அங்கே ஒரு வரிசை வீட்டின் கீழ் அறையில் இரண்டரை வருடம் அவருடைய குடித்தனக்காரியாக இருந்தேன். நான் திருச்சிக்காரி. பெரிய பெரிய தரவுப் பட்டியல்களில் ஒளிந்திருக்கும் பிழைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் பிறப்பதற்கு முன்பே நோர்வேக்கு வந்துவிட்டவர். முதல் நாள் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டேன். மூன்றாம் மாதம் எனக்கே தெரியாமல் அது 'அன்ரி' ஆகியிருந்தது.

அறை பார்க்கப் போன அன்று தேத்தண்ணீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். திரையில் நான் இருந்தேன். பல்கலைக்கழகப் பக்கத்தில் கண்ணை மூடியபடி ஒரு படம், கல்லூரி வாலிபால் அணியில் கடைசி வரிசையில் ஒரு படம். அதற்கும் கீழே, எங்கள் ஊர்ப் பத்திரிகையில் எப்போதோ வந்து நானே மறந்துவிட்ட ஒரு மூலைச் செய்தி.

"பிளஸ் டூவில இயற்பியலுக்கு மாவட்டத்தில ரெண்டாமிடம்," என்று வாசித்தார். "முதலாமிடம் வந்தது ஆர் பிள்ளை?"

"ஒரு பையன் ஆன்ட்டி. பேர் மறந்துபோச்சு."

"மறந்தா என்ன, இஞ்சை கிடக்குது." பெயரை வாசித்தார். அடுத்த நிமிடத்தில் அவன் பெங்களூரில் எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்பதும் வந்துவிட்டது. கலியாணம் கட்டிவிட்டானாம். அதை ஏனோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆனால் அறை உடனே கிடைக்கவில்லை. நோர்வேயில் வசிப்பவர்களின் பதிவேட்டில் நான் இன்னும் இல்லை என்பது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. வந்து பதினோரு நாள்தான் ஆகிறது என்றேன். அதனால்தான் சொல்கிறேன், முதலில் போய்ப் பதிந்துவிட்டு வாரும் என்றார். அந்த நாட்டுப் பதிவேடுகள் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. ஒருவர் வீடு மாறினால் எட்டு நாளுக்குள் அறிவிக்க வேண்டும், எல்லோரும் அறிவிக்கிறார்கள், எனவே பதிவில் இருக்கும் விலாசத்தில் அந்த ஆள் இருந்தே தீருவார். சூரியன் கிழக்கே உதிப்பதில்கூட ஒஸ்லோவில் சில மாதங்கள் சந்தேகம் வரலாம். இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

நோர்வேயில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை எல்லோருடைய வரி விவரமும் பொதுவில் வரும். யாரும் யாரையும் தேடலாம். ஒரே ஒரு சிக்கல், நீங்கள் தேடியது தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். இதனால் ஊர்த் தமிழர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. மீதிப் பேர் யாரையாவது விட்டுத் தேடச் சொல்வார்கள். அந்த 'யாராவது' அன்ரிதான். இலையுதிர் காலம் வந்தால் வீட்டுத் தொலைபேசி ஓயாது. தன் பெயர் தெரிவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஒருத்தர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று பேர் சொல்லிவிட்டுத்தானே உள்ளுக்குப் போகிறோம், இது அதைப் போலத்தான் என்பார். வேடிக்கை என்னவென்றால், வருமானத்தை அவர் பார்ப்பதே இல்லை. அவருக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வருடம். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் ஒரு பெண்மணியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது, அன்ரி மட்டும் கேக்கைப் பார்த்தபடி வாய் திறக்காமல் நின்றார். என்ன அன்ரி என்றேன். "இவவுக்கு நான் மூண்டு வருசத்துக்கு முந்தியே மனசுக்குள்ள பாடிட்டன்," என்றார்.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. கொள்கை இல்லாமல் நான் எதையும் பார்ப்பதில்லை. நோர்வேக்கு வந்த புதிதில் அவர் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே வெளிச்ச மேசை என்று ஒன்று. மேசையின் மேல்பலகை கண்ணாடி, அடியில் விளக்கு. தோலுரித்த மீன் துண்டை அதன்மேல் வைத்தால் சதை முழுக்க ஒளி ஊடுருவும்; உள்ளே புழுவோ முள்ளோ இருந்தால் கறுப்பாகத் தெரியும். கத்தி முனையால் அதை எடுத்துவிட்டு அடுத்த துண்டு. எட்டு வருடம் நாள் முழுக்க இதையே செய்தவருக்கு மனிதர்களையும் அப்படிப் பார்க்கத் தோன்றாமல் என்ன செய்யும்? இதை அவரிடமே சொன்னேன். மேசையில் வைத்தால் மீன் கோபிக்காது, அதுதான் வித்தியாசம் என்றார். நான் நினைத்ததைவிட அவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

கோபித்த மனிதர்கள் உண்டு. ஒஸ்லோவில் அவர் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்புகளுக்கும் நிர்வாகம் பார்த்தார். நோர்வேயில் பிள்ளைகளோடு வேலை செய்கிற எவரும் போலீசிடமிருந்து ஒரு நற்சான்று கொண்டுவர வேண்டும், பிள்ளைகளுக்கு எதிராக எந்தக் குற்றமும் செய்ததில்லை என்று. பாலர் பள்ளியில் இது பல் துலக்குவது மாதிரி. தமிழ் வகுப்பிலோ இது அவமானம். அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஊரே எழுந்து வணக்கம் சொல்லுகிற மாஸ்டர். அவரிடம் கேட்கலாமா என்று நிர்வாகக் குழு ஒரு வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தது. அன்ரி ஒரு ஞாயிறு காலை நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"முப்பது வருசமாப் படிப்பிக்கிறன். என்னட்டையோ கேக்கிறீர்?" என்றாராம் மாஸ்டர்.

"முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கேல்லை மாஸ்டர். அது எங்கட பிழை," என்றிருக்கிறார் அன்ரி. சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து தன்னுடைய நற்சான்றை எடுத்து அவர் மேசையில் விரித்து வைத்து, முதல் என்னுடையதைப் பாருங்கோ என்று நின்றுகொண்டே இருந்திருக்கிறார், மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை முழுக்க வாசிக்கும்வரை. மூன்றாம் வாரம் மாஸ்டரின் நற்சான்று வந்தது. நான்காம் வாரத்திலிருந்து மாஸ்டரே மற்றவர்களிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படி ஒருவர் இருந்தால் நம் மனம் ஒரு கதையைத் தேடும். எப்போதோ ஏதோ நடந்திருக்க வேண்டும், யாரையோ நம்பி ஏமாந்திருக்க வேண்டும் என்று. நானும் தேடினேன். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டும்விட்டேன்.

"ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை," என்றார். "நடந்தாப் பிறகு பாக்கிறதுக்குப் பொலிஸ் இருக்கு. நான் நடக்காமல் இருக்கப் பாக்கிறன்."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உமக்கு ஏமாற்றமாப் போச்சுது என்ன என்று சிரித்தார். உண்மையிலேயே ஏமாற்றம்தான்.

அவருடைய ஒரே மகள் தாரணிக்குக் கலியாணம் பேசியது என்னுடைய இரண்டாவது வருடத்தில். பேசியது என்ன, தாரணியே பார்த்துக்கொண்டாள். ஒரு நண்பியின் கலியாணத்தில் சந்தித்த பையன். பக்கத்து நகரமான திராமனில் வளர்ந்தவன், ஹங்கேரியில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் பயிற்சி முடித்து, அங்கே ஒரு கிராமப்புற மாவட்டத்தில் மூன்று வருடம் டாக்டராக இருக்க ஒப்புக்கொண்டவன். கலியாணம் முடிந்ததும் தாரணியும் அங்கே போக வேண்டும். அன்ரி திராமனில் மூன்று பேரிடம் விசாரித்தார். சாதகம் பார்த்தார். பிறந்த வருடம் பார்த்தார். எல்லாம் சரி. பையனைப் பார்த்தாயிற்று, அந்த ஊரை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாயைத் திறந்தது நான்தான். புதிதாக எதையாவது தெரிந்துகொண்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நோர்வேயில் குற்றப் பதிவேடு போலீசின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை, பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பட்டியல் மாவட்டம் மாவட்டமாகப் பொதுவில் இருக்கிறது, படம், விலாசம், வரைபடம் எல்லாம் உண்டு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அன்ரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "சும்மா ஆரும் பாக்கலாமோ?"

"யார் வேணும்னாலும் பார்க்கலாம் அன்ரி."

"பொலிசிட்டைக் கேக்கத் தேவையில்லையோ?"

தேவையில்லை என்றேன். அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் மாப்பிள்ளையின் பெயரைத் தேடினார். இல்லை. பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சோடு நிறுத்தியிருக்கலாம். "பேரில இல்லை, சரி. ஊரில?" என்று மாவட்டத்தின் பெயரை அடித்தார். சோள வயல், மாட்டுப் பண்ணை, நான்கு தேவாலயங்கள், ஒரு தானியக் கோபுரம் என்று இருக்கும் இடம். வரைபடத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. ஒரு புள்ளியைத் தொட்டால் ஒரு முகம்.

அந்தப் பட்டியல் அவரைப் பிடித்துக்கொண்டது. வயது, உயரம், எடை, கண்ணின் நிறம், முடியின் நிறம் எல்லாம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கூடத் தங்கள் பையனைப் பற்றி இவ்வளவு தரவில்லை என்றார். பாலர் பள்ளியிலிருந்து வந்து தேத்தண்ணீர் குடித்ததும் ஒருமுறை பார்ப்பார். ஒரு கொப்பி போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். கொஞ்ச நாளில் அவர்களைச் சொந்தக்காரர்கள் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்தார். ஒருவருடைய படம் மாறினால் எனக்குச் செய்தி வரும்: "இந்த மீசைக்காரர் நல்லா மெலிஞ்சுபோனார் பிள்ளை." நான் சிரிப்பேன். ஆனால் குற்றம் என்று போட்டிருக்கும் வரியை மட்டும் அவர் சத்தமாக வாசித்ததே இல்லை. உதடு அசையும், சத்தம் வராது. பிறகு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொருதரம் கழுவுவார்.

ஒருநாள் கீழ் அறைக் கதவைத் தட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பட்டணத்தின் நடுவில் ஒரே விலாசத்தில் ஏழு புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எனக்கு உடனே ஏதோ பிழை என்று தோன்றியது; என் தொழிலே அது. அன்ரிக்கோ அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பாட்ஸ்பியோர்ட்டில் அந்தக் காலத்தில் ஏழு எட்டுத் தமிழ்ப் பெடியன்கள் ஒரு வீட்டை எடுத்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு இருந்தவர்கள்தான். அதனால் ஏழு பேர் ஒரு வீட்டில் என்பது அவருக்கு இயல்பான விஷயம். அவருடைய கேள்வி வேறு. இவர்களுக்கு வீடு கொடுத்தது யார், அந்த ஆளுக்கு இவர்களைப் பற்றித் தெரியுமா, தெரியாவிட்டால் நாம் ஒரு கடிதம் போடலாமா. கடிதத்தின் முதல் வரிகூட எழுதியிருந்தார், மரியாதையான ஆங்கிலத்தில்.

விலாசத்தைத் தேடிப் பார்த்தேன். அது அந்த மாவட்டத்துச் சிறைச்சாலை.

அன்ரி கொப்பியை எடுத்து ஏழு பக்கங்களிலும் 'உள்ளுக்கு' என்று எழுதினார். "இவையளால பயமில்லை," என்றார். அந்த வாரம் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

அந்த நல்ல மனநிலையைக் கெடுத்தது மாப்பிள்ளை அனுப்பிய வீட்டு விலாசம். ஊருக்கு வெளியே ஒரு சின்னத் தெரு; ஒன்பது வீடுகள். விலாசத்தை அடித்ததும், மாப்பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே ஒரு சிவப்புப் புள்ளி.

அன்ரி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அவருடைய கணவர், மெட்ரோ ரயில் ஓட்டும் அங்கிள், வேலை முடிந்து வந்து தானே போட்டுச் சாப்பிட்டார். அந்தக் கலியாணம் நடக்கக் கூடாது, குறைந்தபட்சம் தாரணி அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று அன்ரி என்னிடம் சொன்னார். தாரணியிடம் சொல்ல வழி தேடிக்கொண்டிருந்தபோதே, தாரணி கொப்பியைக் கண்டுபிடித்துவிட்டாள். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அம்மா, நீங்கள் எனக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ, கள்ளன் பிடிக்கிறியளோ?"

அன்ரி அடுத்த வீட்டுக்காரரின் பக்கத்தைத் திறந்து காட்டினார். தாரணி அதைப் பார்த்தாள். கொஞ்சம் வெளுத்துத்தான் போனாள். ஆனால் அவள் இறங்கி வரவில்லை. சின்ன வயதிலிருந்து தன் சிநேகிதிகளின் அப்பாமார் எல்லோரையும் அம்மா தேடியதை, பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பஸ் சாரதியைக்கூட விடாததை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாப்பிள்ளையைத் தனக்குப் பிடித்ததே அவர் தன்னை ஒன்றும் துருவிக் கேட்காததால்தான் என்றாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கள் ஓம் எண்டாலும் போவன், இல்லை எண்டாலும் போவன். ஆனா நீங்கள் இல்லை எண்டு சொன்னா, அங்கை போனாப் பிறகு நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லமாட்டன். எப்பிடி இருக்கிறன், என்ன செய்யிறன், ஒண்டும்."

அவளுக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். தன்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாத தூரத்துக்குப் போய்க்கொண்டு, ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாள். எந்தப் பட்டியலிலும் தேடிக் கிடைக்காத விஷயம் அது. அன்ரி கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஒருக்கா அந்தத் தம்பியோட நான் கதைக்கிறன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் கதைத்தார். தாரணி தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். அன்ரி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். திரையில் மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வந்தான். அங்கே காலைதான். அன்ரி சுகம் விசாரிக்கவில்லை, வளைத்துப் பேசவில்லை.

"தம்பி, உங்கட பக்கத்து வீட்டுக்காரர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் அன்ரி."

"எல்லாம் தெரியுமோ?"

"வீடு எடுக்க முதலே லிஸ்டைப் பாத்தனான் அன்ரி."

தாரணி சட்டென்று தொலைபேசி பக்கம் திரும்பினாள். "நீங்களும் பாத்தனீங்களோ?" என்றாள். அந்தக் கேள்வியில் ஒரு கலியாணமே ஆடியது. தப்பித்துப் போகிறோம் என்று நினைத்த இடத்தில் இன்னொரு அம்மா உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? அன்ரியோ அவனை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பாத்தும் ஏன் தம்பி அந்த வீட்டை எடுத்தனீங்கள்?"

அவன் கண்ணைக் கசக்கினான்.

"இந்த ஒழுங்கையில ஒம்பது வீடு அன்ரி. அந்த மனுசன் என்ன செய்தவர் எண்டு எனக்குத் தெரியும். மற்ற வீடுகள்ல என்ன நடக்குதெண்டு லிஸ்டில இல்லை. நான் இஞ்சை டாக்டர் அன்ரி. லிஸ்டில இல்லாததுகளைத்தான் நான் கூடுதலாப் பாக்கிறன்."

பிழைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற நான், பட்டியலில் இருப்பவற்றின் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, பட்டியலுக்குள் வராதவற்றைப் பற்றி இந்தச் சமையலறையில் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்ரி மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எட்டு வருடம் மீன் பார்த்த பெண் அவர். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. இப்போது இந்தக் கலியாணம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தாரணியும் அப்படித்தான் நினைத்தாள். நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"தம்பி," என்றார் அன்ரி, "முன்கதவுப் பூட்டு எப்பிடி?"

அவன் எழுந்து போய்ப் பூட்டைக் காட்டினான். அன்ரிக்குப் பிடிக்கவில்லை. பின்கதவைக் காட்டச் சொன்னார். நிலவறை யன்னலைக் காட்டச் சொன்னார். அவன் இரவு உடுப்போடு தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். அரை மணிநேரம் பூட்டு, தாழ்ப்பாள், வெளி விளக்கு, குளியலறைத் திரை என்று போனது. தாரணி முதலில் தலையில் கைவைத்தாள், பிறகு அழுதாள், பிறகு, குளியலறைக்குத் திரையே இல்லை என்று அவன் ஒப்புக்கொண்ட இடத்தில், சிரித்துவிட்டாள். எங்கள் ஊரில் தட்டு மாற்றுவார்கள். இந்த வீட்டில் நிச்சயதார்த்தம் பூட்டு பார்த்து நடந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. தாரணியின் பெட்டியில் மிளகாய்த் தூளுக்கும் சேலைகளுக்கும் நடுவே இரண்டு நோர்வே நாட்டுக் கதவுப் பூட்டுகள் போயின. பெட்டி நிறை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் சொன்னபோது, அன்ரி சேலைகளில் இரண்டை எடுத்து வெளியே வைத்தார்.

தாரணி போன பிறகு அந்த வீடு எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்ரி காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அந்த மாவட்டத்தைத் திறந்து பார்ப்பார். புதுப் புள்ளி விழுந்திருக்கிறதா, பழைய புள்ளி நகர்ந்திருக்கிறதா. முன்பு அதில் ஒரு விளையாட்டு இருந்தது. இப்போது யாருடைய மீசையைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கை மடிக்கணினிக்குப் போய்விடும். அன்ரி, கொஞ்ச நாள் விடுங்களேன் என்றேன். விட்டால் ஆர் பாக்கிறது பிள்ளை என்றார்.

தாரணி போய் மூன்றாவது சனிக்கிழமை, பின்னேரம், சமையலறையில் நாங்கள் இருவரும் இருந்தபோது அவள் அழைத்தாள். குரலே சரியில்லை. அன்ரி கத்தரிக்காயை விட்டுவிட்டுத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அம்மா, முன்வீட்டு மனுசி ஒரு ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுவந்தவா. அறுவது வயசு இருக்கும். வாசல்லயே நிண்டு சொல்லுறா, உங்கட ரெண்டு பேரின்ரை பேரையும் லிஸ்டில தேடிப் பாத்தனான், இல்லை எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் வந்தனான் எண்டு. பேரப்பிள்ளையள் விடுமுறைக்கு வருமாம். சிரிச்சுக்கொண்டே சொல்லுறா அம்மா. எங்களை. அந்த லிஸ்டில."

நான் அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். கறுத்த தோல் உள்ள இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், உடனே தேடியிருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது. தாரணிக்கும் அந்தக் கோபம்தான். அன்ரிக்கும் வரும் என்று காத்திருந்தேன்.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டார்.

"என்னத்தைச் சொல்லுறது. தாங்க்ஸ் எண்டனான்."

"உள்ளுக்குக் கூப்பிட்டனியோ?"

"இல்லை."

"ஏன் கூப்பிடேல்லை?" அன்ரியின் குரல் உயர்ந்தது, கோபம் மகள் மேல்தான். "பாத்தும் இருக்கிறா, பாத்ததை வாசல்ல நிண்டு உன்ரை முகத்துக்கு நேரை சொல்லியும் இருக்கிறா. அந்த மனுசியை விட்டிடாதை. கேக் தட்டைக் கழுவு. வெறுந்தட்டாக் குடுக்காதை, என்னத்தையாவது பொரிச்சு வச்சுக்கொண்டு போ. இண்டைக்கே போ. அவவின்ரை போன் நம்பரைக் கேள்."

அந்தப் பக்கம் அலமாரியைத் திறக்கும் சத்தம். பிறகு தாரணி, இங்கே உழுந்து கிடைக்காது அம்மா, வடைக்கு எங்கே போவேன் என்றாள். கடலை மாவில் பக்கோடா போடு என்றார் அன்ரி. வெங்காயம் மெல்லியதாக வெட்ட வேண்டும், உறைப்பைக் குறைத்துப் போட வேண்டும், அவவுக்குப் பழக்கம் இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவர் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன்.

"அவவின்ரை முழுப் பேர் என்ன?" என்று கடைசியாகக் கேட்டார்.

தாரணி சொன்னாள். அன்ரி அந்தப் பெயரை இரண்டுதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அழைப்பு முடிந்தது. பழக்கதோஷத்தில் நான் மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினேன்.

"வேண்டாம் பிள்ளை," என்று அன்ரி கத்தரிக்காயை எடுத்தார். "இனி அந்த மனுசி பாத்துக்கொள்ளுவா."